பட்டறை வாசலில் எடுத்த படங்கள்

1

நேற்று மத்தியானம் நான் உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தேன். தென்காசி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்து வாசலில் நின்றார். அவரைப் பார்த்தாலே தெருவில் கதவுகள் சாத்திக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கு அவர் வருவது பழகிப்போனதால் நான் உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தேன்.

“நேட்டால்காரம்மா, இந்தாங்க, ஒங்க படம். கேஸ் ஒண்ணும் இல்லன்னு மேல இருந்து எழுதி வந்துட்டு. இனிம அவரு ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்னு சொல்லிருங்க. எங்க, ஆளக் காணோம்?”

“நாலு நாளைக்கு முன்னால மலாயாவுக்குப் போய்ட்டாருங்க.”

“மலாயாவுக்கா? என்ன வேலைக்கு?”

“ரப்பர் தோட்டத்துல காடு வெட்ட.”

ஏட்டையா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். “பிட்டர்லா அவரு?” என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் படிக்கட்டில் இறங்கிவிட்டார்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், டர்பனில் இருக்கிற நம் சனங்களுக்கு இந்தக் குறிப்புகளை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். நேற்று படங்கள் கைக்கு வந்த பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை. என் தமிழ் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் மூன்று படம். எடுத்தவர் டர்பனில் எங்கள் தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த காசிம் பாய். உங்களில் சிலர் அந்தப் படங்களுக்குள்ளேயே நிற்கிறீர்கள். ஒன்றில், இன்ஜின் பட்டறையின் இரும்பு வாசலுக்கு முன்னால் நம் ஆண்கள் வேலைத் தொப்பியோடு வரிசையாக நிற்கிறார்கள். இரண்டாவதில் குதிரைப் போலீஸ். அதற்குப் பின்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த வெள்ளைக்காரப் பையன்கள் சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே போகிறார்கள். மூன்றாவதில் பெண்கள். பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். என் சேலையைப் பற்றிக்கொண்டு, வாயில் விரலை வைத்திருப்பது எங்கள் ரூபி.

2

என் வீட்டுக்காரர் பெயர் வேலாயுதம். அவருடைய அப்பா தென்காசிக்குப் பக்கத்தில் வடகரையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறியவர். இவர் டர்பனில் பிறந்தார். மீசை முளைக்கும் முன்பே பட்டறைக்குப் போய், எண்ணெய் துடைக்கிற வேலையில் தொடங்கி, இன்ஜினைக் கழற்றிப் பூட்டுகிற பிட்டர் ஆனார். 

படம் எடுத்த அந்த வருஷம் இரண்டு வெள்ளைக்காரப் பையன்களை அவரிடம் அனுப்பி, வேலை கற்றுக்கொடு என்றார்கள். கற்றுக்கொடுத்தார். ஒருவனுக்கு ஸ்பானர் பிடிக்கவே வரவில்லை என்று சாயங்காலம் வந்து சிரிப்பார். ஏழை வெள்ளையர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது அப்போது எங்களுக்குத் தெரியாது. பையன்கள் ஓரளவு தேறியதும் அவருக்கு நோட்டீஸ் வந்தது. அவருக்கு மட்டுமல்ல, அந்தப் பிரிவில் இருந்த நம் ஆட்கள் எல்லோருக்கும். அந்தப் பையன்களுக்கு இவருக்குக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு சம்பளம் என்றார்கள்.

அப்போதுதான் வாசலில் நின்றோம். பலகைகளில் இங்கிலீஷ் எழுத்து என்னுடையது. மிஷன் பள்ளியில் படித்ததால் என்னை எழுதச் சொன்னார்கள். ‘இது நாங்கள் செய்துவந்த வேலை. தோலைப் பார்த்துப் பிடுங்காதே’ என்பதுதான் நான் எழுதியது. கறுப்புப் பெயிண்ட் என் விரலில் வாரக்கணக்கில் போகவில்லை. பெண்கள் சோறு கட்டிக்கொண்டு போய் வாசலிலேயே உட்கார்ந்தோம். பட்டறைச் சங்கு ஊதும்போது இவர் கால் தன்னையறியாமல் உள்பக்கம் திரும்பும். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு குதிரைகள் வந்தன. வாசலில் நின்றவர்களுக்கு வேலை பார்த்ததற்கான சர்டிபிகேட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சர்டிபிகேட் இல்லாத பிட்டரை டர்பனில் யார் எடுப்பார்கள்? வாடகை நின்றது. கடைக்காரர் முகம் மாறியது. அந்தச் சமயத்தில்தான் ஆபீசர் ஒருவர் தெருத்தெருவாக வந்து, இலவசமாகக் கப்பலேற்றி விடுகிறோம், கையில் பணமும் தருகிறோம், சொந்த நாட்டுக்குப் போங்கள் என்றார். இவர் பிறந்த நாடு எது என்று அவர் கேட்கவில்லை.

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்” என்றேன் ஆபீசில்.

“எல்லோருக்கும் கட்டைவிரல்தான்” என்றான் குமாஸ்தா.

இனி திரும்பி வர உரிமை இல்லை என்பது அந்தத் தாளில் இருந்தது. நான் படித்தேன். படித்த பிறகும் விரலை வைத்தேன். அன்றைக்கு ரூபிக்குக் காய்ச்சல்; வீட்டில் அரிசி இல்லை. அதற்கு மேல் இதில் விளக்கம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

3

வடகரையில் இவருடைய சித்தப்பா மகன் மாடசாமி அண்ணாச்சி இருந்தார். வயல் உண்டு, தென்னை உண்டு. எங்கள் பெட்டிகள் வண்டியிலிருந்து இறங்கியபோது ஊரே வந்து நின்றது. தையல் மிஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அண்ணாச்சி கண் கலங்கி இவரைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள்தான் கேள்வி வந்தது. இவருடைய அம்மா யார், என்ன ஆள், எந்த ஊர்? அப்பாவும் அம்மாவும் கப்பலில் பழகி அங்கே போய்க் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்று இவர் மறைக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு எங்களுக்கு இலை தொழுவத்துப் பக்கம் போடப்பட்டது. யாரும் திட்டவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. இலை மட்டும் இடம் மாறியது.

நாங்கள் தென்காசிக்கு வந்து, கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தோம். வந்த புதிதில் ஒரு நாள் வாசலில் மாடு ஒன்று வாயை நீட்ட, நான் “ஹம்பா! ஹம்பா!” என்று விரட்டிவிட்டேன். அங்கே அந்த நாட்டுச் சனமான சூலுக்காரர்களிடம் பேசிப் பேசி நம் வாயில் ஒட்டிக்கொண்ட சொல்தானே. தெருப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ‘ஹம்பாக்காரி’ என்று பெயர். மாடுகள் நகரவில்லை. அவற்றுக்கு ‘ஏய், போ’ என்றால்தான் புரிகிறது.

ரூபி அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனாள், அழுதுகொண்டே வந்தாள். ஒரு வருஷத்துக்குள் அழுகை நின்றது. அதன் பிறகு நான் இங்கிலீஷில் கேட்டால் பதில் வராது. ரூபி என்று கூப்பிட்டாலும் வராது. “எம் பேரு ரூபாவதி. ரோட்டுல வச்சு அப்படிக் கூப்பிடாத, எல்லாரும் பாக்காவ” என்பாள். கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் அம்மா கொழும்புக்காரி என்று சொல்லியிருந்தாள். கொழும்பு என்றால் இங்கே யாரும் வேறு கேள்வி கேட்பதில்லை.

இவர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டினார். தையல் மிஷின்களுக்கு எண்ணெய் போட்டார். மழைக்காலத்தில் குடை ரிப்பேர். இப்படியே வருஷங்கள் போயின.

4

மலையடிவாரத்தில் ஒரு மரம் அறுக்கிற மில் இருந்தது. நீராவி இன்ஜினில் ஓடுவது. அங்கே பிட்டர் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் இவர் டர்பனில் தைத்த கோட்டை எடுத்து நானே தேய்த்துக் கொடுத்தேன். சர்டிபிகேட் கேட்பார்களே என்றேன். கோட்டை மாட்டிக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து படங்களை எடுத்தார். பட்டறைப் பெயர் போட்ட வாசலும், தலையில் பட்டறைத் தொப்பியும் தெரிகிற அந்தப் படங்களைத் தவிர வேறு அத்தாட்சி எங்களிடம் எதுவும் இல்லை.

சாயங்காலம் அவர் வந்தபோது கோட்டு தோளில் கிடந்தது. படங்கள் இல்லை.

மில் மானேஜர் துரை முதலில் உட்காரச் சொன்னாராம். இவர் இங்கிலீஷ் பேசுவதைக் கேட்டு சந்தோஷப்பட்டாராம். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பலகையில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாராம்.

“வெள்ளைக்காரனை வேலைக்கு வைக்காதே என்று அங்கே கத்திவிட்டு, இங்கே வெள்ளைக்காரனிடமே வேலை கேட்டு வந்திருக்கிறாய்.”

“அப்படி எழுதவில்லை சார். எங்களிடமிருந்து பிடுங்காதே என்றுதான் எழுதியிருக்கிறது.”

“இங்கேயும் அதே கதைதான். பிட்டர் வேலைக்கு ஐரோப்பியர், இல்லாவிட்டால் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர். உன் மாதிரி ஆட்களுக்கு மரம் தூக்கும் வேலை உண்டு. ஆனால் உன்னை அதற்கும் எடுக்க மாட்டேன்.”

படங்களை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டாராம். இவர் கேட்டிருக்கிறார். வாட்ச்மேன் வந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டிருக்கிறான்.

அந்த வாரமே ஏட்டையா முதல்முறையாக வீட்டுக்கு வந்தார். கலகக்காரன் என்று சொல்லித் துரை அனுப்பிய படங்கள் அவர் கையில் இருந்தன. அறையில் இருந்த இரண்டு பெட்டிகளையும் கவிழ்த்துப் பார்த்தார்கள். கூட வந்த போலீஸ்காரன் என் பழைய மிஷன் பள்ளிப் புத்தகத்தை ஏடு ஏடாக உதறினான்.

“இது நீங்களாம்மா?” என்று மூன்றாவது படத்தைக் காட்டினார்.

“ஆமா.”

“பொம்பள கையில பலகையக் குடுத்துட்டு இவரு என்ன செஞ்சுட்டு இருந்தாரு?”

“பக்கத்துல அவரும் நின்னாரு. எழுதுனது நான்.”

“இந்தப் பிள்ள யாரு?” என்று ரூபியைப் பார்த்தார்.

அவள் தூணோடு ஒட்டிக்கொண்டு, “அது நான் இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள். ஏட்டையா சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை முடியும்வரை திங்கட்கிழமைதோறும் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு. திங்கட்கிழமைதோறும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறவனைச் சைக்கிள் கடைக்காரர் வைத்துக்கொள்வாரா? அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ரொம்ப வருத்தப்பட்டுத்தான் நிறுத்தினார்.

மாடசாமி அண்ணாச்சியும் வந்தார். வாழைத்தாரும் கொண்டுவந்திருந்தார். அறை வாசலிலேயே நின்று பேசினார்.

“வேலு, எம் பயல போலீசுல சேக்கப் பாக்கேன். ஆளு அளவெடுத்தாச்சு, எல்லாம் சரியா இருக்கு. இனி ஊருக்குள்ள விசாரிப்பானுவ. ஒம் பேரு வந்துட்டுன்னா அவனுக்கு வேல கெடைக்காதுலே.”

“நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?”

“ஸ்டேஷனுக்குப் போவேல்லா. அங்கன கேட்டா, வடகரைல எனக்கு யாரும் இல்லன்னு சொல்லிரு. ஒரு வார்த்ததான்.”

அடுத்த திங்கட்கிழமை இவர் அப்படியே சொன்னார். ஏட்டையா எழுதிக்கொண்டார். அண்ணாச்சி மகனுக்கு வேலை கிடைத்தது. பையன் நல்லவன்தான்; இப்போது எங்கேயோ மதுரைப் பக்கம் இருக்கிறான். ஒருவன் பிழைப்புக்கு ஒருவன் விலக வேண்டும் என்பது டர்பனில் நாங்கள் பலகை பிடித்த வாசலில் இருந்தது; இங்கே வாழைத்தாரோடு வீட்டுக்கே வந்தது.

5

ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குப் போனோம். பங்களாக்களில் சீசனுக்கு வருகிற துரைமார் குடும்பங்களுக்குச் சமையலாள் தேவைப்படும். ஒரு துரைசாணியிடம் எனக்கு இடம் கிடைத்தது. டர்பனில் கற்ற கேக், ரொட்டி எல்லாம் செய்து கொடுத்தேன். என் இங்கிலீஷைக் கேட்டு, விருந்துக்கு வந்தவர்களிடம் என்னைப் பேசச் சொல்லிக் காட்டுவாள். அவர்கள் சிரிப்பார்கள். நான் டிரேயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இவர் ஐந்தருவிக்குப் போனார், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட. அங்கேயும் ஆளாளுக்குப் பாறை உண்டு, முறை உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லை. “இது எங்க எடம், தள்ளிப் போரும்” என்று விரட்டியிருக்கிறார்கள். கடைசியில் பாதை ஓரமாக, தண்ணீர் தெறிக்காத இடத்தில் உட்கார்ந்தார். ஒரு நாள் நான் சோறு கொண்டுபோனபோது சுந்தரபாண்டியபுரத்துப் பண்ணையார் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். இவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலே, ஒங் கை இரும்பால்லா இருக்கு! முன்னால என்ன வேல பாத்த?”

“சும்மா கூலி வேலதான் முதலாளி.”

நான் தூக்குவாளியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். என்னை அவர் பார்த்தாரா இல்லையா என்று இன்றுவரை கேட்கவில்லை.

சீசன் முடிந்தது. தன்னோடு வருகிறாயா, உனக்கு மட்டும் இடம் இருக்கிறது, புருஷனும் பிள்ளையும் கூடாது என்றாள் துரைசாணி. இரக்கத்தோடுதான் கேட்டாள். நான் மாட்டேன் என்றேன். அந்த மழைக்காலத்தில் நாங்கள் ஒருவேளைதான் அடுப்பு மூட்டினோம். ரூபிக்குக் கண்ணுக்குக் கீழே குழி விழுந்தது. இவர் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கிடப்பார். சங்கு ஊதினால் எழுந்திருக்கிற மனுஷன். இங்கே அவருக்கு ஊத ஒரு சங்கும் இல்லை. ஒரு நாள் சிற்றாற்றில் வெள்ளம் பார்க்கப் போகிறேன் என்று எழுந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளம் பார்க்கத்தான் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் விடவில்லை.

6

தை மாதத்தில் மலாயாத் தோட்டத்துக் கங்காணி ஒருவன் சந்தையில் ஆள் சேர்த்தான். இவர் பெயர் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார்.

“உங்க அப்பா போனது போதாதா?” என்று கேட்டேன்.

“அவருக்கு ஊர் இருந்துச்சு தங்கம், விட்டுட்டுப் போனாரு. நான் எதை விடப்போறேன்?”

ஆனால் போகவும் ஒரு ஊர் வேண்டியிருந்தது. இன்ன ஊர்க்காரன், இன்ன குடும்பம் என்று கிராம முன்சீப் கையெழுத்துப் போட்டால்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேற்றும் டிப்போவில் சேர்ப்பார்கள். தென்காசியில் கேட்டால், நீர் இந்த ஊர் இல்லையே என்றார்கள். வடகரையில் யாரும் இல்லை என்று ஸ்டேஷனில் சொன்னவர், வடகரைக்கு எந்த முகத்தோடு போவார்?

நான் போனேன். மாடசாமி அண்ணாச்சி வரப்பில் நின்றிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டார். 

“நான் வந்து சொல்லுதேன்” என்றார். “எங்க பெரியப்பா மவன்தான்னு சொல்லுதேன். இப்பம் சொன்னா யாருக்கும் நட்டமில்ல.”

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. ஆனாலும் கும்பிட்டேன்.

கப்பலேற்றும் முன் கங்காணி கையைப் பார்ப்பான், விவசாயக் கூலியா என்று சோதிப்பான் என்று அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்தது. அதனால் இவரை வயலுக்கு வரச் சொன்னார். நான் ஒரு நாள் போய்ப் பார்த்தேன். இவர் மண்வெட்டியை ஸ்பானர் பிடிப்பதுபோல் பிடித்தார்.

“கைய மாத்திப் பிடிலே. ஒனக்குக் காய்ப்பு வேற எடத்துல இருக்கு. கங்காணி கண்டுபிடிச்சிருவான்” என்று அண்ணாச்சி விரல் விரலாகப் பிடித்து வைத்துக் காட்டினார். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து, ஒரே சட்டியிலிருந்து இருவரும் கஞ்சி குடித்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். இவருடைய உள்ளங்கை புதிய இடத்தில் கொப்புளித்து, உடைந்து, காய்ந்து தடித்தது.

முன்சீப் வீட்டுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். ரூபியும் வந்தாள். பெண்கள் உள்ளே போகக்கூடாது என்பதால் அவளும் நானும் முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்றோம். கதவு திறந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

“பேரு?”

“வேலாயுதம்.”

“ஊரு வடகரைதானா? இவன் ஒமக்கு என்ன வேணும்?”

“எங்க பெரியப்பா மவன்” என்றார் அண்ணாச்சி.

“தொழில்?”

“விவசாயக் கூலி.”

“இங்கனதான் பொறந்ததா?”

“ஆமா.”

“இதுக்கு முன்னால கடல் தாண்டிப் போயிருக்கியா?”

முன்சீப்பின் பேனா நின்றது. போயிருக்கிறேன் என்று சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். ஸ்டேஷன், மில், படம் எல்லாம் வரும். கங்காணி விட்டுவிடுவான். எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில், உண்மையைச் சொல்லிவிடுங்கள், பட்டினியே கிடப்போம் என்று உள்ளே ஓடிப்போய்க் கத்த வேண்டும்போல் இருந்தது. வேப்பமரத்தடியிலேயே நின்றேன்.

“இல்லை” என்றார் என் வீட்டுக்காரர். “ஒருநாளும் போனதில்லை.”

முன்சீப் எழுதினார். மை காய மணல் தூவி உதறினார்.

அன்று சாயங்காலம் தென்காசிக்கு நடந்தே திரும்பினோம். கங்காணி அவரை மட்டும் மறுநாள் ரயிலுக்கு வரச் சொல்லியிருந்தான். இவர் தாளை மடியில் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வெகுதூரம் போய்விட்டார். இலத்தூர்க் குளக்கரையில் வரும்போது ரூபி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, அப்பா கடல் தாண்டிப் போனதே இல்லன்னா, நான் எங்கம்மா பொறந்தேன்?”

அவள் இதைக் கேட்கட்டும் என்று எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. இப்படிக் கேட்பாள் என்று நினைக்கவில்லை. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து, நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தேன். டர்பனில், தகரக் கூரை போட்ட வீட்டில், நல்ல மழை நாளில் நீ பிறந்தாய். பக்கத்து வீட்டுச் சூலுப் பெண் ஒருத்திதான் உன்னை முதலில் கையில் வாங்கினாள். அப்பா பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு ஓடிவந்தார், தொடப் பயந்துகொண்டு வாசலிலேயே நின்றார். பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னேன். இங்கிலீஷைக் கேட்டும் அவள் என் சேலையை விடவில்லை.

இருட்டத் தொடங்கியிருந்தது. அவர் கொஞ்சம் நின்றால் நாங்கள் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று கூப்பிட்டேன். அவருக்குக் கேட்டிருக்கும். அவர் நிற்கவில்லை.